தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்த கடிதம்

தம்பி,

அப்பாதான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது என்றால் நீ மொட்டை மாடிக்கு வந்திருக்கிறாய். தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்தில் இருக்கிற சந்துக்குள் கையை விட்டிருக்கிறாய். முதலில் காகிதம் தட்டுப்பட்டிருக்கும். அதற்குப் பின்னால், நீ வைத்த இடத்திலேயே, நீ சுற்றிய செய்தித்தாளோடு அந்தப் பாட்டில் இருக்கிறது. மூடியின் சீல் உடையவில்லை. நான் திறக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையில் பூசாரி, குடிக்க மாட்டேன் என்று நீ கோயிலில் கட்டிக்கொண்ட கயிற்றை உன் கையில் இருந்து அறுத்திருப்பார். ஆறு மாதமாக வெயில் படாத அந்த இடம் மட்டும் உன் மணிக்கட்டில் வெளுத்துத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இதைப் படி. பாட்டில் எங்கேயும் போய்விடாது. படித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகும், ஆறு மாதம் பொறுத்தவனுக்கு அது பெரிதில்லை.

பத்து நாளைக்கு முன்னால் தொட்டி நிரம்பி வழிந்தது. மிதவை வால்வு சிக்கியிருக்கும் என்று ஏறி வந்தேன். குனிந்து பார்த்தபோது சந்துக்குள் ஒரு நீலப் பிளாஸ்டிக் பை. உள்ளே என்ன என்று பிரித்துப் பார்க்கவே தேவையில்லை. ஏனென்றால் அது என்னுடைய இடம். பதினேழு பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் கண்டுபிடித்தது. உன் அம்மாவுக்குக் கை எட்டாது, தெருவில் நின்று அண்ணாந்தால் தெரியாது, மழை பெய்தாலும் நனையாது. இந்த வீட்டில் எத்தனையோ மூலை இருக்க, நீ சொல்லி வைத்ததுபோல அதையே எப்படிப் பிடித்தாய்? சின்ன வயதில் பட்டம் விடுகிறேன் என்று மாடிக்கு ஓடி வருவாயே, அப்போது எப்போதாவது என்னைப் பார்த்திருக்கிறாயா? பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போயிருக்கிறாயா? இந்தக் கேள்வியை உன் முகத்துக்கு நேரே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பையைப் பிரித்துப் பாட்டிலைக் கையில் எடுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பதினாலு வருஷமாகத் தொடாதவன் நான். கை நடுங்கும் என்று எதிர்பார்த்தேன், நடுங்கவில்லை. பழைய சிநேகிதனின் கையைப் பிடித்தமாதிரி அது பாட்டுக்கு உள்ளங்கையில் உட்கார்ந்துகொண்டது. அதுதான் எனக்குக் கிலியை உண்டாக்கியது. வால்வைச் சரிசெய்யாமலே கீழே இறங்கி, அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், நான் போகிற குடியை விட்டவர்கள் கூட்டம் இல்லாத நாள் என்பதால் அந்தக் கூட்டத்து ஆள் ஒருவரின் கடையில் போய் உட்கார்ந்து, "இன்னைக்குப் பாட்டிலத் தொட்டுட்டேன் அண்ணாச்சி" என்றேன். அவர் கல்லாவை விட்டு எழுந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, கடை அடைக்கிறவரைக்கும் இருங்க" என்றார். அன்று முழுக்கத் தொட்டி வழிந்துகொண்டே இருந்ததென்று உன் அம்மா என்னை ஏசினாளே, காரணம் இதுதான்.

பாட்டிலை எடுத்து எறிந்துவிட்டு, உன்னை உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். எறிந்தால் நீ வேறு வாங்குவாய், வேறு இடத்தில் வைப்பாய், அந்த இடம் எனக்குத் தெரியாது. சொல்வதையும் சொல்லிப் பார்த்தாயிற்று. மூன்று தடவை என்னோடு கூட்டத்துக்கு வா என்று கூப்பிட்டேன். மூன்றாவது தடவை நீ கையைத் தூக்கிக் கயிற்றைக் காட்டிச் சிரித்தாய். "நீங்க டியூஷனுக்குப் போங்கப்பா. எனக்குத்தான் பாஸ் மார்க்கு வந்தாச்சே" என்றாய். உன் அம்மாவும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கயிறு கட்டினவன் காதில் எதுவும் ஏறாது. நானே அப்படித்தான் இருந்தேன்.

ஒரு மாதமாக உன்னைக் கவனிக்கிறேன். மில்லில் இருந்து வந்ததும் பாட்டுப் பாடுகிறாய். அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுக்கிறாய். என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து வைக்கிறாய். கல்யாணக் களை வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சமையற்கட்டுக் காலண்டரில் கல்யாணத் தேதியை உன் அம்மா சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறாள். ஆனால் உன் கண் போவது அந்த வட்டத்துக்கு இல்லை, அதற்கு ஐந்து நாள் முன்னால் ஒன்றுமே எழுதாமல் இருக்கிற செவ்வாய்க்கிழமைக்கு. அன்றைக்கும் மறுநாளைக்கும் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறாய், கூட்டாளிகளோடு குற்றாலம் என்று சொல்லியிருக்கிறாய். தம்பி, கயிற்றின் கடைசி மாதத்தில் ஒருவனுக்கு வருகிற இந்த உற்சாகம் எனக்கு அத்துப்படி. நானும் இப்படித்தான் தேங்காய் துருவினேன்.

கயிறு கட்டுவதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் என் கதையை நீ முழுசாகக் கேட்டதில்லை. செட்டியார்பட்டிப் பக்கம் போகிற வழியில் இருக்கிற அதே கோயில், அதே வேப்பமரம். இப்போதைய பூசாரியின் அப்பா அப்போது இருந்தார். உன் அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நிறுத்தினாள். "எத்தன மாசத்துக்குக் கட்டணும்?" என்று கேட்டார். அம்மா, "ஒரு வருசத்துக்குக் கட்டுங்க சாமி" என்றாள். நான், "ஒரு வருசமா? மூணு மாசம் போதும்" என்றேன். காய்கறிக் கடையில் நிற்கிறவர்கள்போல இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினோம். பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தன், "ஏலே, ஆறுன்னு சொல்லி முடிலே, பஸ்ஸு போயிரும்" என்றான். ஆறு என்று முடிந்தது. கயிறு இருக்கும்போது தொட்டால் ரத்தமாக வாந்தி எடுப்பாய் என்று பூசாரி நெற்றியில் திருநீறு பூசினார். நான் பயந்தேன். உண்மையாகவே பயந்தேன். ஆறு மாதம் ஒரு சொட்டு தொடவில்லை. ஆனால் என் பயத்துக்கும் கயிற்றுக்கும் ஒரே கெடு. அந்த நாள் எது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

கயிறு அவிழ்த்த அன்று உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். உனக்குப் பத்து வயது. பிள்ளையோடு போகிறவன் நேரே வீட்டுக்குத்தான் வருவான் என்று உன் அம்மா நம்ப வேண்டும், அதற்காகத்தான். அறுத்த கயிற்றை வேப்பமரத்துக் கிளையில் கட்டிவிட்டு வர வேண்டும் என்பது முறை. நீ அதைக் கேட்டாய். "அப்பா, எனக்குத் தாங்கப்பா" என்று குதித்தாய். உன் கை சின்னது என்பதால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டேன். அப்புறம் ஒரு கடை வாசலில் மொபெட்டை நிறுத்தி, அதன் மேல் உன்னை உட்கார வைத்து, "கயிறு கட்டினவன் நகரக்கூடாது, சாமி குத்தம் ஆயிரும். செத்த நேரத்துல வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். நல்ல வெயில். நான் வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நீ அந்த இடத்தில் அப்படியே இருந்தாய். உதடு காய்ந்திருந்தது. சாமி குத்தம் ஆகிவிடும் என்று மூத்திரத்தைக்கூட அடக்கிக்கொண்டு, கடைசியில் கால்சட்டையிலேயே போயிருந்தாய்.

உன் தாடையில் இருக்கிற தழும்பைப் பற்றி இந்த வீட்டில் ஒரு கதை உண்டு. நாய் குறுக்கே வந்தது, அப்பா பிரேக்கைப் போட்டார், வண்டி சறுக்கியது. கோதை வீட்டில் பெண் பார்க்கப் போனபோதுகூட நீ அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாய், அந்த நாய்க்குச் செவலை நிறம் என்றுகூடச் சேர்த்துக்கொண்டாய். நாய் எதுவும் வரவில்லை, தம்பி. சாலை நேராகத்தான் இருந்தது. ஆள் நடமாட்டம்கூட இல்லை. நான்தான் அன்று அந்தப் போதையில் உன்னை மைல்கல்லில் கொண்டுபோய் மோதினேன். ஆஸ்பத்திரியில் உன் தாடையில் தையல் போடும்போது நீ அழாமல் கையைத் தூக்கிக் கயிற்றைக் காட்டி, "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று டாக்டரிடம் சொன்னாய். நாய்க் கதையை நான் அந்த இடத்திலேயே கட்டினேன். உன் அம்மா நம்பினாள், இல்லை நம்பியமாதிரி இருந்துகொண்டாள். நீயும் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அந்த நாயைக் கண்ணால் பார்த்ததுபோல ஆகிவிட்டாய். போன வருஷம் உன் சித்தப்பாவின் புது வீட்டுப் பால்காய்ப்பில் நீ குடித்துவிட்டுப் பந்தியில் இலைமேல் சரிந்த அன்று, உன் அம்மா கயிறு கட்ட வேண்டும் என்று அழுதபோது, ஒரு பேச்சும் இல்லாமல் கையை நீட்டினாய். எங்கே கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கயிற்றை உன் கையில் முதலில் கட்டியவன் நான்.

அன்றோடு நான் திருந்தினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. திருந்தவில்லை. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கயிறு கட்டினேன். ஒவ்வொரு கயிறும் அவிழ்ந்த அன்று விட்ட இடத்தில் இருந்து தொடங்கவில்லை, விடாமல் குடித்திருந்தால் எந்த இடத்துக்குப் போயிருப்பேனோ அங்கே இருந்து தொடங்கினேன். மில்லில் ஃபிட்டர் வேலை. ஸ்பேனர் நட்டில் உட்காராமல் கை ஆடும். ஒரு நாள் மேஸ்திரி, "நீரு போயி வீட்டுல இரும், பொறவு பாப்போம்" என்று அனுப்பிவிட்டார். நான் வீட்டுக்கு வராமல் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டுக் கால் பாட்டிலை ஒரே மூச்சில் இறக்கினேன். நிமிர்ந்தபோது கதவின் உள்பக்கம் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. குடியை நிறுத்த முடியவில்லையா என்று ஒரு வரி, கீழே ஒரு போன் நம்பர். எங்களைப்போன்றவர்கள் எங்கே ஒளிவோம் என்று தெரிந்த யாரோதான் அதை அங்கே ஒட்டியிருக்க வேண்டும். ஆத்திரத்தோடு கிழித்தேன், கிழித்ததைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

நாலு நாள் கழித்துப் பேசினேன். எதிர்முனையில் ஒரு கரகரத்த குரல், "எந்த ஊருங்க?" என்றது. ராஜபாளையம் என்றேன். "அப்ப நல்லதாப் போச்சு, ராஜபாளையத்துலயே கூட்டம் இருக்கு" என்றார். "அங்க வேண்டாங்க, எல்லாரும் தெரிஞ்ச ஆளு" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அப்ப ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாங்க. எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூருதான். நான் உங்க ஊருக் கூட்டத்துக்குப் போறேன்" என்றார். பிறகுதான் தெரிந்தது, பாதிப் பேர் அப்படித்தான். அந்த ஊர்க் குடிகாரர்கள் இந்த ஊருக்கும் இந்த ஊர்க் குடிகாரர்கள் அந்த ஊருக்கும் எதிரெதிர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். குடித்துவிட்டு நடுத்தெருவில் வேட்டி அவிழக் கிடந்ததை ஊரே பார்த்திருக்கிறது, அதற்கு வராத வெட்கம் குடியை நிறுத்தப் போகும்போது வந்தது. நான் ஆண்டாளைக் கும்பிடப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். சாட்சிக்குச் செவ்வாய்தோறும் பால்கோவா வாங்கி வந்தேன். நீ தின்று தீர்த்த அந்தப் பால்கோவா எல்லாம் என் பொய்க்குச் சாட்சி.

கூட்டம் ஒரு சர்ச் வளாகத்துக்குள் இருக்கிற சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். முதல் நாள் அந்த வாசலை மூன்று தடவை தாண்டிப் போனேன். நாலாவது தடவை வாட்ச்மேனிடம் போய், "இங்க டியூஷன் எங்க நடக்கு?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குடியை விடுறவிய கூட்டந்தான? நேராப் போயி இடது பக்கம்" என்றார். பின்னால் உங்களிடம் உண்மையைச் சொன்னபோது இதையும் சொன்னேன், அதில் இருந்துதான் நம் வீட்டில் அதற்கு டியூஷன் என்று பெயர். உள்ளே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து தன் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொன்னார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. நான் எத்தனை மாதத்துக்கு வர வேண்டும் என்று கேட்டேன்.  பக்கத்தில் இருந்தவர் டீயை நீட்டி, "இன்னைக்குக் குடிக்காம இருக்க முடியுமா?" என்றார். இன்றைக்கு என்றால் முடியும் என்றேன். "அம்புட்டுத்தான். நாளைக்குள்ளத நாளைக்குக் கேக்கேன்" என்றார். ஏமாற்று வேலை என்று நினைத்தேன். ஆனால் அவிழ்க்கிற நாள் என்று ஒன்று அதில் இல்லாததால் எனக்கு எண்ணிக்கொண்டிருக்க எதுவும் கிடைக்கவில்லை. பதினாலு வருஷமாக இன்றைக்கு, இன்றைக்கு என்றுதான் ஓடுகிறது. சாமியை நான் குறை சொல்லவில்லை. கெடு வைத்தது சாமி இல்லை, நான்.

டீயை நீட்டிய அவரைப் பற்றி உனக்குச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். கூட்டத்தில் பேசியதை வெளியே சொல்லக்கூடாது, பெயரையும் சொல்லக்கூடாது. மம்சாபுரத்துக்காரர் என்று மட்டும் சொல்கிறேன். அவர் மனைவியிடம் போய்க் கேட்டேன், "சொல்லுங்கண்ணே, ஒரு பிள்ளையாவது பிழைக்கட்டும்" என்றாள். என்னைக் கரைசேர்த்த மனுஷன், தம்பி. எனக்கு முன்னால் மூன்று வருஷம் குடிக்காமல் இருந்தவர். ஒரு கோயில் கொடையில் வாய் வைத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் போய்க் கூப்பிட்டோம். அவருக்குக் கூட்டத்துக்குத் திரும்பி வர வெட்கம். கோயிலில் போய் ஆறு மாதத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டார். பஸ்ஸில் என்னைப் பார்த்து, நீ காட்டினாயே அதேமாதிரி கையைத் தூக்கிக் காட்டி, "இனிக் கூட்டம் எதுக்கு? கயிறு இருக்குல்லா" என்றார். அந்த ஆறு மாதமும் ராஜாமாதிரி இருந்தார். வீட்டுக்கு வெள்ளை அடித்தார், தோட்டத்தில் தென்னங்கன்று வைத்தார். கயிறு அவிழ்ந்த அன்று மத்தியானம் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறேன் என்று போனார். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. வாய்க்கால் நிறைந்து பக்கத்துத் தோட்டத்துக்குள் தண்ணீர் போனபிறகுதான் ஆள் தேடி வந்தார்கள். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். பழைய கணக்குக்குக் குடித்திருக்கிறார், ஆறு மாதம் சும்மா இருந்த உடம்பு அதைத் தாங்கவில்லை என்று டாக்டர் சொன்னார். மோட்டார் ரூம் அலமாரியில், செய்தித்தாள் சுற்றி, இன்னொரு பாட்டில் சீல் உடைக்காமல் இருந்தது. அதைப் பார்த்தவன் நான். அதனால்தான் உன் செய்தித்தாளைப் பார்த்ததும் வால்வைக்கூட மறந்து பஸ் ஏறினேன்.

இப்போது என் அடுத்த தப்பைச் சொல்கிறேன். கோதை வீட்டில் பேச்சு முடிக்கப் போன அன்று அவள் அப்பா தயங்கித் தயங்கி, "மாப்பிள்ளைக்குப் பழக்கம் ஏதும் உண்டா?" என்று கேட்டார். கோயில் காரியம், பெருமாள், பிரபந்தம் என்று இருக்கிற மனுஷர். உன் அம்மா உடனே, "கோயில்ல கயிறு கட்டியிருக்கான், தொடவே மாட்டான்" என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை மாதத்துக்கு என்று கேட்க அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சொல்லத் தெரியும். நான் தட்டில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாய்க் கதையைக் கட்டியவன், பதினாலு வருஷம் கூட்டத்துக்குப் போய் உண்மை பேசப் பழகியவன், அந்த ஒரு நிமிஷத்தில் மறுபடியும் பழைய ஆளாகிவிட்டான். பாட்டிலைத் தொட்டதைவிட அதுதான் பெரிய சறுக்கல்.

அப்புறம் போன வெள்ளிக்கிழமை கோதை எனக்குப் போன் செய்தாள். "மாமா, அவியளுக்குக் கயிறு எப்ப அவுக்காங்க? அன்னைக்கு அம்மா சர்க்கரைப் பொங்கல் வச்சுக் கொண்டுவரணும்னு சொல்லுது" என்றாள். அந்த நாளை அவர்கள் நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பொங்கல் வைக்கிற நாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.  நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கீழ ரத வீதியில் ஒரு டீக்கடை பெஞ்சில் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு அவிழ்ந்தால் குடிக்கிற பயமும் அவிழ்ந்துவிடும் என்பதைச் சொன்னேன். பந்தியில் சரிந்ததைச் சொன்னேன். தொட்டிக்குப் பின்னால் இருப்பதைச் சொன்னேன். நாய் வரவில்லை என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை. டீயில் ஆடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ என்னை மன்னிக்க மாட்டாய் என்று தெரியும். மன்னிக்க வேண்டாம். அந்தப் பெண் கண்ணைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. உன் அம்மா அப்படித்தான் வைத்தாள்.

கடைசியில் அவள் இரண்டு விஷயம்தான் பேசினாள். "அந்தப் பாட்டில நீங்க எடுக்காதீங்க மாமா. எடுத்தா அவிய என்ன செய்வாவன்னு எனக்குத் தெரியாமலே போயிரும்" என்றாள். அப்புறம், "செவ்வாக்கிழமை அந்தக் கூட்டம் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள். ஆறு மணிக்கு என்றேன். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டாள், சொன்னேன். "அஞ்சரைக்கே வந்து வாசல்ல நிப்பேன். பொங்கல் அங்க கொண்டுட்டு வாரேன்" என்றாள். நீ வராவிட்டால் அவள் என்ன செய்வாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவள் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று சாயந்திரத்துக்குப் பிறகு சொல்வாள், சொல்ல வேண்டியது எதுவானாலும்.

இன்று மத்தியானம் உன் அம்மா பத்திரிகை வைக்க அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்புவாள். அவள் தெருமுனை தாண்டியதும் நீ மாடி ஏறுவாய் என்பது என் கணக்கு, என் காலத்தில் நான் அப்படித்தான் ஏறுவேன். இதை நீ படிக்கிற நேரம் நான் கீழே, படி முடிகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். செருப்புப் போட்டாயிற்று. ஐந்து மணி பஸ்ஸில் நமக்கு இரண்டு பேருக்கும் இடம் கிடைக்கும். உன் பைக் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது, அதை மட்டும் உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். உன்னைத் தடுக்க நான் மேலே வரமாட்டேன். அந்த மஞ்சள் காகிதத்தை நான் கிழித்தபோது என்னைத் தடுக்கவும் யாரும் இல்லை, பிடித்துத் தள்ளவும் யாரும் இல்லை.

மேலே இருந்து மூன்றாவது படி மற்றப் படிகளைவிட ஒரு விரல் உயரம், வீடு கட்டின நாளில் இருந்தே அப்படித்தான். நிதானத்தோடு இறங்குகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. குடித்தவன் கால் அதில்தான் இடறும். எத்தனையோ நாள் உன் அம்மா கீழே இருட்டில் உட்கார்ந்து என் கால் அந்தப் படிக்கு வருகிறதா என்று காது கொடுத்திருக்கிறாள் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீ இறங்கி வா, தம்பி. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பா